காற்றாலைக்கு ஸ்விட்ச் கிடையாது

மதுரையில் எந்த சோலார் கடையில் கேட்டாலும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் இருக்கிறது என்பார்கள். இருக்கிறதுதான். ஆனால் நமக்கு வேண்டியது பேனலும் காற்றாடியும் சேர்ந்து ஒரே பேட்டரியை நிரப்பும் ஹைப்ரிட்; அந்த ஹைப்ரிட் வேறு. பேனல், பேட்டரி, ஈபி லைன் மூன்றையும் ஒரே பெட்டியில் ஓட்டுவதற்குத்தான் அந்தப் பெயர். காற்றாடியை எங்கே மாட்டுவது என்று கேட்டால், "பிவி டெர்மினல்லயே குடுத்துருங்க சார், எல்லாம் டிசிதானே" என்று, பேனல் மாட்டும் முனையைக் காட்டிச் சொல்கிறவர்களும் உண்டு. டிசிதான். ஆனால் அப்படி மாட்டிய பெட்டி முதல் ஆடியைத் தாண்டுவது சந்தேகம்.

பேனல் சாதுவான பொருள். உச்சி வெயிலில் லோடை எடுத்துவிட்டால் அதற்குரிய திறந்த வோல்ட்டேஜில் சும்மா நிற்கும். இரண்டு முனையையும் ஷார்ட் செய்தாலும், வழக்கமாகத் தருவதைவிடக் கொஞ்சம் கூடுதல் கரண்ட்தான் ஓடும். பேட்டரி நிறைந்ததும் சோலார் கன்ட்ரோலர் செய்வதெல்லாம் பேனலைக் கைவிடுவது ஒன்றே.

காற்றாடியைக் கைவிட முடியாது. ஜெனரேட்டரிலிருந்து நாம் எடுக்கும் கரண்ட்தான் இறக்கைக்குப் பிரேக். அதை நிறுத்தினால் இறக்கை எகிறும், வேகத்தோடு வோல்ட்டேஜும் எகிறும். 48 வோல்ட் என்று சொல்லி விற்ற காற்றாடி பலத்த காற்றில் லோடு இல்லாமல் 150 வோல்ட்டைக்கூடத் தாண்டும். உள்ளே இருக்கும், 100 வோல்ட் வரைதான் தாங்கும் கப்பாசிட்டர் வெடிக்கும். பெட்டி எப்படியோ தப்பினாலும் இறக்கை தப்பாது. காற்றாடிக்கான கன்வெர்ட்டரின் (காற்றாடி தரும் வோல்ட்டேஜை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) முதல் வேலை மின்சாரம் எடுப்பது இல்லை. எந்த நிலையிலும் லோடைக் கைவிடாமல் இருப்பது. கீழே வரும் பாகக் கணக்கெல்லாம் அதை ஒட்டித்தான்.

அதற்கு முன், இந்தச் செலவு தேவையா என்று பார்த்துவிடலாம். தமிழ்நாட்டுக் காற்று கணவாய்களின் தயவு. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் என்று மலை விட்ட இடைவெளிகளில்தான் அது பாய்கிறது. ஆண்டிபட்டிப் பக்கம் பெரிய ஆலைகள் நிற்பது கம்பம் கணவாய் வழிக் காற்றை நம்பி. மதுரை நகரத்துக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. உசிலம்பட்டி, பேரையூர், தே.கல்லுப்பட்டிப் பக்கம் திறந்த காடு, மேடான இடம் என்றால் யோசிக்கலாம்.

யோசிப்பதற்கு ஒரு கணக்கு வேண்டும். 2.8 மீட்டர் விட்டமுள்ள காற்றாடியை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றும் பரப்பு 6.16 சதுர மீட்டர். நம் ஊர்ச் சூட்டில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.15 கிலோ என்றும், காற்றில் இருப்பதில் 30 சதவீதம் கைக்கு வருகிறது என்றும் வைத்தால், நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 1060 வாட், 5 மீட்டரில் 133, 3 மீட்டரில் வெறும் 29. வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒன்று. மாடியில் நாலடிக் குழாய் நட்டு, பக்கத்து வீட்டு வேப்பமரத்துக்குக் கீழே சுழலும் காற்றாடி ஏன் ஒன்றும் தருவதில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. 12 மீட்டர் கம்பம், சுற்றிலும் 100 மீட்டருக்குத் தடையில்லாத இடம். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு பேனல் வாங்குவதே புத்திசாலித்தனம்.

மாதக் கணக்கும் முக்கியம். ஆனி, ஆடி, ஆவணியில் காற்று இரவிலும் அடிக்கும். பேனல் தூங்கும் நேரத்தில் காற்றாடி உழைக்கும். மாசி, பங்குனி, சித்திரையில் பேனல் போதும். இரண்டும் சேர்ந்து கைவிடுவது ஐப்பசி, கார்த்திகை. அடைமழை, மேகம், காற்றும் தளர்ந்துவிடும். காற்றும் வெயிலும் ஒன்றையொன்று ஈடுகட்டும் என்று விளம்பரம் சொல்வது அந்த இரண்டு மாதத்துக்குப் பொருந்தாது. பேட்டரி அளவை ஆடியை வைத்து முடிவு செய்யாமல் ஐப்பசியை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

அமைப்புக்கு வருவோம். நாலு 540 வாட் பேனல், ஒரு 1 கிலோவாட் காற்றாடி, 48 வோல்ட் பேட்டரி, 3 கேவிஏ இன்வெர்ட்டர் என்று வைத்துக்கொள்வோம். பேனலுக்குத் தனிக் கன்வெர்ட்டர், காற்றாடிக்குத் தனிக் கன்வெர்ட்டர், இரண்டும் ஒரே டிசி பஸ்பாரில் (கரண்ட் வந்து கூடும் பொதுப் பட்டை) வந்து சேரும். இரண்டு இன்புட்டையும் ஒரே சர்க்யூட்டில் பிசைந்து செய்யும் டிசைன்கள் காகிதத்தில் அழகு. ஒரு மாஸ்ஃபெட் (ஸ்விட்ச்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) போனால் இரண்டு பக்கமும் இருட்டு என்பதால் தோட்டத்துக்கு அது சரிப்படாது.

பேனல் பக்கம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 150 வோல்ட், 60 ஆம்பியர் எம்பிபிடி கன்ட்ரோலர் (அதிகபட்ச பவர் கிடைக்கும் புள்ளியைத் தேடிப் பிடிப்பது) ஒன்று போதும். இரண்டு பேனல் சீரிஸ், அப்படி இரண்டு வரிசை பேரலல். ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. பேனல் ஒன்றின் திறந்த வோல்ட்டேஜ் 49.5 என்றால், மூன்றை சீரிஸில் போட்டால் 148.5 வரும். 150க்குள் இருக்கிறதே என்று தோன்றும். அந்த 49.5 என்பது 25 டிகிரியில் அளந்தது. செல் குளிரக் குளிர டிகிரிக்கு 0.27 சதவீதம் கூடும். மார்கழிக் காலையில் 20 டிகிரியில் முதல் வெயில் விழும்போது 150.5 ஆகிவிடும். மதுரையில் என்ன குளிர் என்று கேட்டுவிட்டு கன்ட்ரோலரைச் சுட்டுக்கொள்ள அந்த அரை வோல்ட் போதும். கோடையில் கதை தலைகீழ்: செல் 65 டிகிரிக்குப் போனால் 14 சதவீதம் பவர் போய்விடும். பேனலுக்கும் தகரத்துக்கும் நடுவே குறைந்தது ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

காற்றாடிப் பக்கம்தான் வேலை. ஜெனரேட்டர் தருவது மூன்று பேஸ் ஏசி. காற்றுக்கேற்ப வோல்ட்டேஜும் மாறும், ஃப்ரீக்வென்சியும் மாறும். முதலில் அதை டிசியாக்கும் ஆறு டயோடு பிரிட்ஜ். 35 ஆம்பியர், 1600 வோல்ட் மூன்று பேஸ் பிரிட்ஜ் மாட்யூல் கடையில் கிடைக்கும். எந்த நேரமும் இரண்டு டயோடு வழியாகக் கரண்ட் போகிறது, சேர்ந்து சுமார் 2 வோல்ட் விழும். 21 ஆம்பியரில் அது 42 வாட் சூடு. ஹீட்சிங்க் இல்லாமல் தகரப் பெட்டியில் ஒட்டிவைத்தால் முதல் வார ஆடிக்காற்றிலேயே ஒரு டயோடு போகும். ஒரு டயோடு போனாலும் காற்றாடி சுற்றிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் கம்பம் உறுமும். மூன்று ஒயரிலும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பாருங்கள். மூன்றும் சமமாக இல்லையென்றால் பிரிட்ஜைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது வோல்ட்டேஜை ஏற்றித் தரும் பூஸ்ட் கன்வெர்ட்டர். இந்த அளவுக் காற்றாடி நன்றாக உழைக்கும் வேகத்தில், பிரிட்ஜுக்குப் பின்னால் வோல்ட்டேஜ் ஏறக்குறைய காற்று வேகத்தின் ஐந்து மடங்கு என்று வைத்தால், 4 மீட்டரில் 20 வோல்ட், 6 மீட்டரில் 30, 8 மீட்டரில் 40, 10 மீட்டரில் 50. பேட்டரி நிற்பதோ 52 வோல்ட்டில். பூஸ்ட் இல்லாமல் நேராக மாட்டினால், லோடே இல்லாமல் இறக்கை தறிகெட்டு ஓடி 52ஐத் தொட்ட பிறகுதான் சார்ஜ் தொடங்கும். மெல்லிய காற்று அத்தனையும் வீண். நம் பக்கத்தில் வருடத்தில் பெரும்பாலும் அடிப்பது அந்த மெல்லிய காற்றுதான்.

பூஸ்டுக்கு 40 கிலோஹெர்ட்ஸ் ஸ்விட்ச்சிங், 100 மைக்ரோஹென்றி காயில், 150 வோல்ட் மாஸ்ஃபெட். ஐஆர்எஃப்பி 4115 போன்றது இரண்டு பேரலலாகப் போட்டால் நிம்மதி. 26 வோல்ட் உள்ளே வரும்போது டியூட்டி, அதாவது மாஸ்ஃபெட் ஆன் நிலையில் இருக்கும் நேரத்தின் பங்கு, பாதி. காயிலில் ரிப்பிள் (கரண்ட்டின் ஏற்ற இறக்கம்) 3.25 ஆம்பியர். அதுதான் உச்சம், மற்ற நிலைகளில் இன்னும் குறைவு. காயில் 30 ஆம்பியர் வரை சாச்சுரேட் ஆகாமல், அதாவது அதன் கோர் காந்தத்தால் நிரம்பிவிடாமல், இருக்க வேண்டும்.

காயிலை மோட்டார் காயில் கட்டும் கடையில் கொடுத்தால் நேர்த்தியாகக் கட்டித் தருவார்கள், ஆனால் இரண்டு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒன்று, டிரான்ஸ்ஃபார்மர் ஸ்டாம்பிங் வேண்டாம். 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த அந்தத் தகடு 40 கிலோஹெர்ட்ஸில் அடுப்பாகிவிடும். ஃபெரைட் கோரில் இடைவெளி விட்டு, அல்லது இரும்புத்தூள் வளையத்தில் கட்ட வேண்டும். இரண்டு, தடித்த ஒற்றைக் கம்பி வேண்டாம். இந்த ஃப்ரீக்வென்சியில் மாறும் கரண்ட் செம்பின் மேல்தோலில் 0.33 மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் ஓடும். 25ஆம் நம்பர் கம்பி, அதாவது அரை மில்லிமீட்டர், 25 இழையைச் சேர்த்து முறுக்கிக் கட்டினால் 5 ஸ்கொயர் எம்எம் கிடைக்கும், 20 ஆம்பியருக்கு அது போதும். காயில் கட்டுகிறவருக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும்; கயிறு மாதிரி முறுக்கச் சொல்கிறானே என்பார். அப்படித்தான் வேண்டும்.

கப்பாசிட்டர் 105 டிகிரி வகை, 100 வோல்ட், 2200 மைக்ரோஃபாரட், நாலு. 85 டிகிரி வகையில் மிச்சமாகும் சில ரூபாய்க்கு ஆசைப்பட வேண்டாம். சூடு 10 டிகிரி கூடினால் எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும். மே மாதத்தில் பம்ப்செட் தகரக் கொட்டகைக்குள் நின்று பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எம்பிபிடி நிரலில் ஒரு தவறு அடிக்கடி நடக்கும். பேனலுக்கு எழுதிய, தட்டிப் பார்த்துத் திருத்தும் முறையை அப்படியே காற்றாடிக்கும் போட்டுவிடுவார்கள். பேனல் உடனே பதில் சொல்லும். இறக்கை கனமான சக்கரம். பதில் சொல்லச் சில நொடி ஆகும், அதற்குள் காற்றே மாறியிருக்கும். நிரல் குழம்பும். காற்றாடிக்கு அட்டவணைதான் நல்லது: 20 வோல்ட்டில் 68 வாட் எடு, 25இல் 133, 30இல் 230, 40இல் 544, 50இல் 1060. நடுவில் நேர்கோட்டில் நிரப்பிக்கொள்ளலாம். அட்டவணை சரியா என்று காற்றாடியே சொல்லும். அதிகமாக எடுத்தால் இறக்கை திணறும். நல்ல காற்றிலும் 15 வோல்ட்டில் மீட்டர் ஒட்டிக்கொண்டு ஏறாது. குறைவாக எடுத்தால் விசில் சத்தம் கேட்கும், வோல்ட்டேஜ் எக்கச்சக்கமாக இருக்கும், ஆம்பியர் இருக்காது.

இனி டம்ப் லோட், அதாவது மிச்ச மின்சாரத்தைச் சூடாக எரித்துவிடும் சுருள். இது இல்லாத காற்றாடி பிரேக் இல்லாத பஸ். பிரிட்ஜுக்கு அடுத்து, பூஸ்டுக்கு முன்னால் உட்கார வேண்டும். அப்போதுதான் பூஸ்ட் செத்தாலும் இது வேலை செய்யும். 2.2 ஓம், 2 கிலோவாட் தாங்கும் நிக்ரோம் சுருள், அதை ஓட்ட ஒரு மாஸ்ஃபெட். 57 வோல்ட்டில் இது ஏறக்குறைய 1480 வாட் விழுங்கும். இங்கேதான் பலர் பழைய கீசர் எலிமெண்ட்டைக் கொண்டுவந்து மாட்டுகிறார்கள். 2 கிலோவாட் என்று அதில் அச்சடித்திருக்கும். ஆனால் அது 230 வோல்ட்டில். அதன் ரெசிஸ்டன்ஸ் 26.5 ஓம், 57 வோல்ட்டில் கிடைப்பது வெறும் 120 வாட். 2.2 ஓம் வரவேண்டுமானால் அப்படிப் பன்னிரண்டு எலிமெண்ட்டை பேரலலாகக் கட்ட வேண்டும். கீசர் எலிமெண்ட் ஒன்றை மாட்டிவிட்டு டம்ப் லோட் போட்டாச்சு என்று நினைப்பதைவிட, டம்ப் லோட் இல்லை என்று தெரிந்திருப்பது மேல். சுருளை வெளிச்சுவரில், கம்பி வலைக் கூட்டுக்குள் வையுங்கள். வைக்கோல் படப்புப் பக்கம் வேண்டாம்.

இதே காரணத்தால், காற்றாடிக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே எம்சிபியோ ஃபியூஸோ போடக் கூடாது. எலக்ட்ரீசியன் பழக்கதோஷத்தில் பாதுகாப்புக்கு என்று போட்டுவிடுவார். அது ட்ரிப் ஆகும் நொடியில் காற்றாடி அவிழ்த்துவிட்ட காளை. அங்கே வேண்டியது மூன்று ஒயரையும் ஒன்றோடொன்று ஷார்ட் செய்யும் மூன்று போல் பிரேக் ஸ்விட்ச். அதையும் காற்று தணியும் இடைவெளி பார்த்துத்தான் போட வேண்டும். முழு வேகத்தில் போட்டால் காயில் வெந்து, சூட்டில் காந்தமும் பலமிழக்கும். ஃபியூஸ் போட வேண்டிய இடம் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு அடிக்குள். 100 ஆம்பியர், டிசி வகை. ஏசி எம்சிபியை டிசியில் போட்டால் தீப்பொறி அணையாமல் உள்ளேயே நின்று எரியும்.

வோல்ட்டேஜ் செட்டிங்கில் ஒரு வரிசை இருக்கிறது. சும்மா நிற்கத் தெரிந்த பேனல் முதலில் ஒதுங்க வேண்டும், காற்றாடி பிறகு, டம்ப் கடைசி. 16 செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்றால் பேனல் கன்ட்ரோலர் 55.2, காற்றாடி 55.6, டம்ப் 56.5. பேட்டரியின் பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் உள் சர்க்யூட்) 58.4இல்தான் வெட்டும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரே ஒரு செல் முந்திக்கொண்டு 3.65ஐத் தொட்டாலும், மொத்தம் 56இல் இருக்கும்போதே பிஎம்எஸ் கதவைச் சாத்திவிடும். சாத்தியதும் காற்றாடிக்குப் போக்கிடம் இல்லை. லித்தியம் மாற்றிய பிறகு பெட்டி போச்சு என்ற புலம்பலுக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே டம்ப்புக்கு இரண்டாவது கட்டளையும் வேண்டும்: பிரிட்ஜ் முனையில் 60 வோல்ட் வந்தால், பேட்டரி நிலை என்ன என்று கேட்காமல் உடனே இழு. 60 வந்துவிட்டது என்றாலே அந்தப் பக்கம் பேட்டரி இல்லை என்று பொருள். இந்தக் கட்டளை நிரல் ஓடும் மைக்ரோகன்ட்ரோலரை நம்பாமல் தனி கம்பரேட்டர் சிப்பில் (இரண்டு வோல்ட்டேஜை ஒப்பிட்டு முடிவு சொல்வது) ஓடட்டும். நிரல் உறைந்து நின்றாலும் அது நிற்காது.

டியூப்லர் (லெட்-ஆசிட்) பேட்டரி என்றால் 25 டிகிரியில் சார்ஜ் வரம்பு 57.6, டம்ப் 58.5. வெயில் காலத்தில் பேட்டரி 38 டிகிரிக்குப் போகும். செல்லுக்கு டிகிரிக்கு 3 மில்லிவோல்ட் வீதம் 24 செல்லுக்குக் குறைத்தால் 56.7தான் வைக்க வேண்டும். டெம்பரேச்சர் சென்சாரைச் சுவரில் தொங்கவிடாமல் பேட்டரி உடம்பில் ஒட்டுங்கள். தண்ணீர் மாதாமாதம் வற்றுகிறது என்றால் பெரும்பாலும் சங்கதி இதுதான்.

கேபிள் செலவு பலருக்கு அதிர்ச்சி தரும். 12 மீட்டர் கம்பம், அங்கிருந்து அறைக்கு 30 மீட்டர், ஆக 42. முழு லோடில் ஒவ்வொரு பேஸிலும் 17 ஆம்பியர். 6 ஸ்கொயர் செம்புக் கேபிளில் 112 வாட் ஒயரிலேயே போகும், 10 ஸ்கொயரில் 67. கம்பம் இன்னும் தள்ளி என்றால் 48 வோல்ட் காற்றாடியே வேண்டாம். அதிக வோல்ட்டேஜுக்குக் காயில் கட்டிய ஜெனரேட்டரை வாங்கி, பூஸ்டுக்குப் பதில் பக் கன்வெர்ட்டர் போட்டு இறக்குங்கள். அப்போது டம்ப் சுருள், மாஸ்ஃபெட், கப்பாசிட்டர் எல்லாக் கணக்கும் மாறும்.

ஈபியோடு இணைக்கலாமா? 2024இல் வந்த மத்திய அரசின் பிஎம் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். ஆனால் அது கூரை சோலாருக்கு மட்டும். என் யோசனை: ஈபிக்குப் போகும் சோலாரைத் தனி இன்வெர்ட்டரில் அது பாட்டுக்கு விடுங்கள், காற்றாடியை பேட்டரியோடு வைத்துக்கொள்ளுங்கள். காற்றாடியை நேராக ஈபியில் இணைத்தால், கரண்ட் போன நொடியில் இன்வெர்ட்டர் சட்டப்படி நின்றாக வேண்டும். மழைக்காற்றும் கரண்ட் கட்டும் ஒன்றாக வருவது நம் ஊர் வழக்கம். அதாவது காற்று உச்சத்தில் இருக்கும்போதுதான் லோடு காணாமல் போகும். மின்சாரம் முழுவதையும் கன்வெர்ட்டர் வழியாக அனுப்பும் பெரிய ஆலைகளுக்கும் இந்தத் தலைவலி உண்டு. கிரிட் தடுமாறும்போது மிச்ச சக்தியை எரிக்க டிசி லிங்க்கில் (கன்வெர்ட்டரின் நடுவிலுள்ள டிசி பகுதி) ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். நம்முடைய நிக்ரோம் சுருளின் பெரியண்ணன் அது.

கம்பத்தைப் பேனலுக்கு வடக்கே நடுங்கள். ஆனால் ஒட்டி வேண்டாம். மதுரை பத்து டிகிரி வடக்கில் இருப்பதால் சித்திரை தொடக்கத்திலிருந்து ஆவணி நடுப்பகுதிவரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், நிழல் தெற்கே விழும். ஜூன் 21 அன்று 12 மீட்டர் கம்பத்தின் உச்சிவேளை நிழல் சுமார் 2.9 மீட்டர். இறக்கை நீளத்தையும் சேர்த்து 4 மீட்டர் தள்ளினால் போதும். தெற்கே நட்டால் மார்கழியில் 8 மீட்டர் நிழல், அதுவும் இறக்கை விட்டுவிட்டு வெட்டும் நிழல். எம்பிபிடி அதைத் துரத்திக்கொண்டே இருக்கும்.

எர்த் விஷயத்தில் மண்ணைப் பாருங்கள். திருமங்கலம், கல்லுப்பட்டிக் கரிசல் ஈரம் பிடிக்கும், எர்த் நன்றாக வரும். ஆனால் கோடையில் வெடித்து மழையில் உப்பும் மண் அது; கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியின் நங்கூரத்தை வெடிப்பு இறங்காத ஆழத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மேலூர்ப் பக்கம் பாறை. ஒரு குழியில் எர்த் ரெசிஸ்டன்ஸ் 5 ஓமுக்குக் கீழே வராது. இரண்டு மூன்று குழி தோண்டி இணைக்க வேண்டியிருக்கும். இடிதாங்கிக்குத் தனிக் குழி என்றாலும் எல்லாக் குழியையும் பூமிக்கடியில் ஒன்றாகக் கட்டிவிடுங்கள்.

கடைசியாக பல்லி. சிரிக்க வேண்டாம். கன்வெர்ட்டரைத் திறந்தால் இரண்டு மாஸ்ஃபெட் காலுக்கு நடுவே கருகிப்போய், வால் மட்டும் வெள்ளையாக ஒன்று ஒட்டியிருக்கும். சூடான பெட்டிக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். காற்றுத் துவாரம் எல்லாவற்றுக்கும் 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த கண்ணுள்ள ஸ்டீல் வலை, கேபிள் நுழையும் ஓட்டைக்குக் கிளாண்ட், போர்டு மேல் இரண்டு பூச்சு வார்னிஷ். எறும்புக்கும் அதே மருந்து.

ஆனி பிறக்கும் முன் ஒரு காலை ஒதுக்கி எல்லா டெர்மினலையும் இறுக்குங்கள். கை வைக்கும் வரிசை இது: முதலில் பிரேக் ஸ்விட்ச், இறக்கை நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகு பேனல் ஐசோலேட்டர், பிறகு இன்வெர்ட்டர், எல்லாவற்றுக்கும் கடைசியில் பேட்டரி ஃபியூஸ். திரும்பப் போடும்போது பேட்டரி முதலில், பிரேக்கை விடுவது கடைசியில். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் கீழே இறங்கிப்போய் பிரேக் போடுவேன் என்றால், அந்த இரண்டு நிமிடத்துக்குள் ஒரு காற்று வந்துவிடும். கம்பரேட்டர் வேலை செய்கிறதா என்பதை அன்றே சோதியுங்கள். காற்றாடி ஷார்ட்டில் நிற்க, பேட்டரியும் இணைப்பில் இல்லாமல், பிரிட்ஜ் முனையில் 2 ஆம்பியர் வரம்பு வைத்த பெஞ்ச் சப்ளையை (வோல்ட்டேஜைத் திருகி ஏற்றும் மேசைப் பவர் சப்ளை) மாட்டி மெதுவாக ஏற்றுங்கள். 60ஐத் தொட்டதும் சுருளுக்குக் கரண்ட் போய் சப்ளை சட்டென்று விழ வேண்டும். 63க்கு மேலும் ஏறினால் பிரேக்கை விடுவிக்காதீர்கள்.